குடிநோய்க்கு இ.எம்.டி.ஆர்.: விரலை அசைக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

"கண்ணை ஆட்டியே குடியை மறக்க வைக்கிறாங்களாமே?" சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டிலும் பக்கத்து வியாசர்பாடியிலும் குடும்பத்தார் இ.எம்.டி.ஆர். பற்றி இப்படித்தான் விசாரிக்கிறார்கள். அப்படி ஒரு வித்தை கிடையாது. மனதை உறுத்தும் காட்சியை நினைத்தபடியே சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் பின்தொடரச் செய்யும் மனநலச் சிகிச்சை இது; அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-ல் கவனித்த ஒன்றிலிருந்து வளர்ந்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு 2013-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. போதைப் பழக்கத்துக்கு இதை மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. மருந்து, ஆலோசனையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

பெரிய தவறு, அவசரம். குடியை நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உளறல், இல்லாததைப் பார்ப்பது என்று முற்றலாம். இது உயிருக்கே ஆபத்து. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ சேர்க்க வேண்டிய நாட்கள் இவை. கண்ணசைவுக்கு இடமே இல்லை. நடுக்கம் அடங்கி, தூக்க மாத்திரையின் மந்தமும் குறைந்த பிறகுதான் பேச்சே.

அப்போதும் முதலில் கண்ணைப் பாருங்கள். விரலைப் பின்தொடரும்போது கருவிழி வெட்டி வெட்டித் துடிக்கிறதா? நடை தள்ளாடுகிறதா? பேச்சு குழம்புகிறதா? சாப்பிடாமல் குடித்தவருக்கு இது வைட்டமின் பி1 குறைபாட்டால் வரும் மூளைப் பாதிப்பாக இருக்கலாம். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். உடனே தயாமின் ஊசி தேவை. குளுக்கோஸ் ஏற்றுவதானால் அதற்கு முன்போ கூடவோ போட வேண்டும். கண்வலி, விழித்திரைக் கோளாறு உள்ளவருக்குக் கையில் மாறி மாறித் தட்டும் முறையே போதும்.

அடுத்தது, குறி தப்புவது. "குடி" என்று பொத்தாம் பொதுவாக எடுத்தால் எதுவும் நகராது. மீன் ஏலம் முடிந்து பங்குக் காசைச் சட்டைப் பையில் வைக்கும் அந்த நொடி, டாஸ்மாக் வாசலில் மூக்கில் ஏறும் அந்த வாடை, என்று ஒரே காட்சியைப் பிடிக்க வேண்டும். ஆசை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சுற்றுக்கு 24 முதல் 30 அசைவு, ஏறக்குறைய அரை நிமிடம். நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த சுற்று. இடையில் அறிவுரை சொல்லும் சிகிச்சையாளர் வேலையைக் கெடுக்கிறார். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூண்டுதல்களே மாறிவிடும். காசு இல்லை, பொழுது போகவில்லை. புதுக் காட்சிகள், புது மார்க்.

சிறுவயது அடி, சாவு போன்ற பழைய காயங்களை முதல் அமர்விலேயே கிளறுவதும் ஆபத்து. மனதை அடக்கிக்கொள்ளும் பயிற்சி கைவராதவர் அந்தப் பாரத்தோடு நேராக பாருக்குப் போவார். எட்டுக் கட்டங்கள் உள்ள சிகிச்சையில் முதல் கட்டம் அவரது கதையைக் கேட்டுத் திட்டமிட, இரண்டாவது இந்தப் பயிற்சிக்காகத்தான். அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

முடிக்கும்போது கடைசிப் பத்து நிமிடமாவது மனதை அமைதிப்படுத்த ஒதுக்குங்கள். அடுத்த ஓரிரு நாள் கனவும் ஆசையும் கூடலாம் என்று வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். பங்கு பிரிக்கும் நாளில் அமர்வே வேண்டாம். யூடியூபில் ஓடும் பந்தைப் பார்த்துத் தனியாகச் செய்வதும் வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒன்று. "சீக்கிரம் விடட்டும்" என்று குடிநிறுத்த மாத்திரையைக் குழம்பில் தெரியாமல் கலக்காதீர்கள். அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுவார். இரவில் சமாளிக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. நடுக்கமோ உளறலோ இருந்தால் அதற்கும் காத்திராமல் 108.