பூஸ்டர் தீர்க்காததை ஒரு கம்பி இழை தீர்த்தது

கூரையில் டிவி ஆன்டெனா வைத்த முதல் வாரம் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டே இருந்தது. காற்று அடித்தால் நான்கு சேனல்கள் அடியோடு காணாமல் போகும். சிக்னல் போதவில்லை என்று நினைத்து பூஸ்டர் மாட்டினேன். இன்னும் மோசமானது. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால், டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனரே திணறிவிடும். சரி, கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் கேபிளைப் பார்த்தேன். ஆன்டெனா பக்கத்து கனெக்டரைத் திருகி எடுத்தால், கேபிள் உறைக்குள் இருக்கும் உலோக வெளிவலையின் ஒரே ஒரு இழை, முடி கனம்தான் இருக்கும், நடுச் செம்புக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நுனியை வெட்டி, வலையை முழுக்கப் பின்னால் மடித்து, புது கனெக்டர் போட்டு, தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்றினேன். கேபிள் 75 ஓம் ஆர்ஜி-6 வகையாக இருப்பது நல்லது.

அடுத்து திசை. ஒரே தண்டில் குச்சிகள் வரிசையாக இருக்கும் யாகி ஆன்டெனாவில் குட்டைக் குச்சிகள் உள்ள முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். டிவி மெனுவில் சிக்னலின் தரத்தைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். வலிமையைவிடத் தரம்தான் முக்கியம். ஒவ்வொரு அசைவுக்கும் சில நொடி பொறுங்கள், எண் மெதுவாகத்தான் மாறும்.

வாங்கும்போதே ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் சேனல்கள் விஎச்எஃப் என்ற குறைந்த அலைவரிசையிலா, யுஎச்எஃப் என்ற உயர்ந்த அலைவரிசையிலா? யுஎச்எஃப்-க்கு மட்டும் செய்த சின்ன ஆன்டெனா விஎச்எஃப் சேனலைச் சரியாகப் பிடிக்காது.

கடைசியாக டிவியில் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்தேன். நான்கு சேனல்களும் வந்தன, காற்றிலும் நிற்கின்றன.