கடலோர வாழ்க்கைக்கேற்ற உடற்பயிற்சியும் உணவும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரே தெருவில் வசிப்பவர்களுக்குக்கூட ஒரே நேர அட்டவணை பொருந்துவதில்லை. நள்ளிரவில் கடலுக்குப் போகிறவர், விடியலில் மீன் ஏலத்துக்கு நிற்கிறவர், பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்திருக்கிறவர் ஆகிய மூவரும் "காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுங்கள்" என்ற அறிவுரையை ஒன்றுபோலப் பின்பற்ற முடியாது. எனவே இந்தச் செய்முறை, நீங்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் நாளிலிருந்தே தொடங்குகிறது.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், தொடர்ந்து உட்கார்ந்திருந்த நேரம், குடித்த தேநீர் ஆகியவற்றை மட்டும் குறித்து வாருங்கள். பெரும்பாலோருக்கு முதலில் கண்ணில் படுவது தேநீர்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். தேநீருக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு முறை குடித்தால் 32 கிராம் ஆகிவிடும். ஒரு நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது என்பதை, பனங்காட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

படி 2: உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து வயிற்றுச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டினால் கவனம் தேவை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவு நேரத்தையும் பயிற்சியையும் மாற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

படி 3: நடையைத் தேர்ந்தெடுங்கள்

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான வேகம். தொடக்கத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கடற்கரையில் நடப்பவர்கள் மணலைக் கவனிக்க வேண்டும். கால் புதையும் உலர்ந்த மணலில் நடப்பதற்குத் தரையில் நடப்பதைப்போல இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. ஆகவே புதியவர்கள் அலை நனைத்து இறுகிய ஈர மணலில் நடப்பது நல்லது. அந்த மணலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரு முழங்கால்களும் அந்தச் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பாம்பன், மண்டபம் பகுதியினருக்கு இன்னொரு வசதி உண்டு. வாடைக்காற்று மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது தலைகீழாகும் என்பதால், காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்போ பொழுது சாய்ந்த பின்போ மட்டும் நடங்கள். நெஞ்சு இறுகினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 4: தசைகளுக்கு வாரம் இருமுறை

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல் ஆகியவை, ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. நாள்தோறும் வலை இழுப்பவர்களுக்கு இதைவிட முதுகையும் தோளையும் தளர்த்தும் நீட்டல் பயிற்சிகளே அதிகம் உதவும்.

படி 5: தட்டில் இடத்தை மாற்றுங்கள்

நமது கடலோரத் தட்டில் மீனுக்குக் குறைவில்லை, காய்கறிக்குத்தான் குறைவு. சோற்றை முதலில் குவித்துவிட்டு மற்றவற்றுக்கு இடம் தேடும் வழக்கத்தை மாற்றி, முதலில் தட்டின் பாதிக்கு முருங்கைக்கீரை, கத்தரிக்காய், புடலங்காய் போன்றவற்றையும், கால் பங்குக்கு மீன், முட்டை அல்லது பயறையும், மீதியில் சோற்றையோ குதிரைவாலியையோ வையுங்கள். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு உண்டால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். அவற்றை எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது மேல். மீன் மலிவாகக் கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு புரதத்தூள் டப்பா வாங்குவது எனக்கு விளங்காத செலவு.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். அன்று ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது மட்டுமே உண்ணலாம்.

படி 6: பருவம் மாறும்போது விட்டுவிடாதீர்கள்

பழக்கம் அறுபடுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, பருவ மாற்றத்தால். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாள்களில் கடல் உழைப்பு திடீரென நின்றுவிடுகிறது, சோற்றின் அளவோ பழைய உழைப்புக்கே உரியதாக இருக்கிறது. தடைக்காலத்தில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து நடையைக் கூட்டுங்கள். கடலுக்குப் போகத் தொடங்கியதும் நடையைக் குறைத்து, ஓய்வையும் தண்ணீரையும் கூட்டுங்கள். கீழக்கரை, ஏர்வாடிப் பகுதிகளில் நோன்பு வைப்பவர்கள் நடையை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சி இருக்கையில் வடைக்கும் சமோசாவுக்கும் தேவை குறைவு.

ஒரு புதிய பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள்கள் ஆயின என்று இலண்டனில் நடந்த ஆய்வொன்று காட்டியது. ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிய இழப்பாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே பயிற்சியைக் கடிகாரத்தோடு கட்டாமல், எல்லாப் பருவத்திலும் மாறாத ஒரு செயலோடு, முதல் தேநீர் குடித்தவுடன் அல்லது வேலை முடிந்து வீடு திரும்பியவுடன் என்பதுபோல, இணைத்துவிடுங்கள். முடியாத நாளுக்கென்று ஐந்து நிமிட நடை என்ற குறைந்த அளவையும் முன்பே முடிவு செய்துவையுங்கள்.

மூன்று மாதம் கழித்து வயிற்றுச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் மீண்டும் அளந்து, பழைய தாளோடு ஒப்பிட்டு, அதன் பிறகு மாற்ற வேண்டியதை ஒவ்வொன்றாக மட்டும் மாற்றுங்கள்.