சீனி வருத்தமும் இரவுச் சலமும்: மூன்று நாள் அளந்து பார்க்கும் முறை

பத்தரைக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு ஒரு தரம், இரண்டுக்கு, மூன்றரைக்கு, பிறகு சேவல் கூவ முதல் இன்னொரு தரம். அம்மா எழும்பும்போதெல்லாம் கதவுக் கொண்டி இழுபடும். படுத்த பாயிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். கிளிநொச்சியில் எங்கள் வளவு நீளமானது. மலசலகூடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளிப் பின்மூலையில் கட்டியிருக்கிறோம். அறுபத்தெட்டு வயதில், பதினான்கு வருடச் சலரோகத்தோடு, அவ்வளவு தூரம் இருட்டில் ஐந்து தரம் போய்வந்தால் எந்த உடம்பு தாங்கும்?

அம்மா தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. மூன்றாம் நாள், நெல் காயப்போட்ட முற்றத்திலேயே தலைசுற்றிக் குந்திவிட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சீனி 312. வன்னியில் எத்தனையோ வீடுகளில் இதே வைத்தியம் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காரணம் விளங்கவேண்டும்

இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் மறித்து வைக்க முடியாது. மிச்சச் சீனி சலத்தோடு போகும். சும்மா போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சலம் கூடுகிறது, உடம்பு காய்கிறது, தாகம் எடுக்கிறது. நாங்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதால்தான் எல்லாம் என்று நினைக்கிறோம். சீனி கூடியிருக்கும்போது தண்ணீரை மறித்தால் சலம் நிற்காது. உடம்பு வற்றும், சீனி இன்னும் ஏறும். வைகாசி, ஆனி வெயிலில் வயலில் நிற்பவருக்கு இது உயிராபத்து.

ஆனால் எல்லாவற்றுக்கும் சீனியைக் குற்றம் சொல்லவும் கூடாது. கால்வீக்கம், இருதயம், சிறுநீரகம், சலத்தில் கிருமி, ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீக்கம், நீண்ட நாள் சலரோகத்தால் சலப்பையின் நரம்பு மரத்துப்போதல் என்று பல காரணம் உண்டு. எது என்று பிரித்துப் பார்க்க அளவு வேண்டும்.

படி 1: அளக்கும் டப்பா

1 லீற்றர் ஐஸ்கிறீம் டப்பா ஒன்று எடுங்கள். வாய் அகலம் என்பதால் பெண்களுக்கும் வசதி. பாணி மருந்தோடு வரும் சிறு கோப்பையாலோ பிள்ளையின் பால்போத்தலாலோ 100 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனையால் வெளியே கோடு போடுங்கள். மறுபடி 100, மறுபடி கோடு. பத்துக் கோடு வந்ததும் டப்பா ஆயத்தம். ஆண்களுக்குக் கழுத்தை வெட்டிய தண்ணீர்ப் போத்தலும் சரிதான். குசினிப் பக்கம் போகாமல் தனியாக வையுங்கள்.

படி 2: மூன்று நாள் கொப்பி

பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் நேரம், போன சலம், குடித்தது என்று மூன்று நிரல் போடுங்கள். படுத்த நேரத்தையும் காலையில் எழும்பிய நேரத்தையும் மறக்காமல் குறியுங்கள். தேத்தண்ணி, கஞ்சி, சொதி, இளநீர், வத்தகப்பழம் எல்லாம் 'குடித்தது' நிரலுக்குள் வரும். அம்மாவின் முதல் இரவு இப்படி இருந்தது:

9.15 படுக்கை. 10.40க்கு 350. 12.10க்கு 400. 1.50க்கு 300. 3.20க்கு 350. 4.40க்கு 250. 6.00 மணிக்கு எழும்பியதும் 200.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் எழும்பியதும் போகும் முதல் சலம் இரவு முழுக்கச் சேர்ந்தது. ஆகவே அளவைக் கூட்டும்போது அதை இரவோடு சேர்க்கவேண்டும். எத்தனை தரம் எழும்பினார் என்று எண்ணும்போது மட்டும் அதை விட்டுவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அம்மா எழும்பியது 5 தரம், இரவுச் சலம் 1850. பகலில் போன 1450ஐச் சேர்த்தால் ஒரு நாளுக்கு 3300 மில்லிலீற்றர்.

முடிந்தால் அதே மூன்று நாளும் படுக்க முன்னும் விடிய வெறுவயிற்றிலும் சீனியைக் குத்திப் பார்த்து அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் குளுக்கோமீற்றர் இல்லையென்றால் விடுங்கள், சலத்தின் அளவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

படி 3: கொப்பியை வாசித்தல்

ஒரு நாளின் மொத்தமே 3 லீற்றருக்குக் கிட்ட அல்லது மேலே என்றால் முதலில் சீனியைப் பாருங்கள். சாப்பாடும் மருந்தும் சரியாகிச் சீனி இறங்கினால் சலமும் இறங்கும். கிளினிக்கில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கக் கேளுங்கள்.

மொத்தம் அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறதா? வயதானவர்களில் இதை அதிகம் காணலாம். பகல் முழுக்கக் காலில் இறங்கித் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய்ச் சலமாகிறது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் பத்து விநாடி அமுக்கிப் பாருங்கள், குழி விழுந்து நிற்கிறதா என்று. பெரிய குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் இரவுச் சலத்தைக் கூட்டும்.

ஒவ்வொரு தரமும் 100, 150 என்று கொஞ்சம் கொஞ்சமாகவே போகிறது என்றால் சிக்கல் பெரும்பாலும் சலப்பைப் பக்கம். எரிவு, கலங்கல், நாற்றம் இருந்தால் சலப் பரிசோதனை வேண்டும். சலம் நூலாக இழுபட்டு, போய் முடிந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருந்தால் அதையும் காட்டவேண்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம்: போய் முடிந்ததும் எழும்பாமல் ஓரிரு நிமிடம் இருந்து, மறுபடி ஒரு தரம் முயன்று பாருங்கள்.

அம்மாவுக்கு முதல் இரண்டும் சேர்ந்திருந்தன. மொத்தமும் கூட, காலிலும் குழி.

படி 4: பின்னேரத்தை மாற்றுதல்

தண்ணீரைக் குறைக்கவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடிய எழும்பியதிலிருந்து பின்னேரம் ஐந்து, ஆறு மணிவரை தாராளமாகக் குடியுங்கள். படுக்க முன்னான இரண்டு மூன்று மணித்தியாலம் மருந்துக்கு வேண்டிய மிடறு மட்டும். தாகம் அடக்க முடியாமல் இருந்தால் அது சீனி கூடியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், குடித்துவிட்டுக் குத்திப் பாருங்கள். இருதய, சிறுநீரக வருத்தத்துக்காக டொக்டர் தண்ணீரை அளந்து தந்திருந்தால் அந்த அளவுதான் உங்கள் அளவு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரவு ஏழரைத் தேத்தண்ணியை நாலு மணிக்குக் கொண்டுவாருங்கள். பனங்கட்டி கடித்துக் குடித்தால் சீனி ஏறாது என்ற நம்பிக்கை எங்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பனங்கட்டியும் சீனியை ஏற்றும்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை ஒருவரும் சலத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஜப்பானில் நாகசாகிப் பல்கலைக்கழகத்தார் உப்பு அதிகம் சாப்பிடுபவர்களிடம் அதைக் குறைக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறங்கியவர்கள் இரவில் எழும்புவது சராசரி 2.3 தரத்திலிருந்து 1.4 ஆகக் குறைந்தது என்று 2017இல் அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் இரவுப் புட்டோடுதான் வரும். அவற்றை மத்தியானத்துக்கு மாற்றி, அளவையும் பாதியாக்கினோம். அம்மா ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டார்.

கால்வீக்கம் உள்ளவர்கள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் படுத்து, காலைத் தலையணைகளின் மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். தேங்கிய நீர் படுக்க முன்பே போய்விடும். படுத்தால் மூச்சு முட்டுபவர்கள் இதைச் செய்யாமல் உடனே டொக்டரிடம் போங்கள்.

படி 5: குளிசைகளின் நேரம்

வீட்டிலுள்ள குளிசைப் பைகள் எல்லாவற்றையும் கொப்பியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஃபியூரோசமைட் போன்ற நீர்க் குளிசையை இரவில் போட்டால் இரவில்தான் வேலை செய்யும். எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் சீனியைச் சலத்தோடு வெளியேற்றும் மருந்துகள், வழக்கமாகக் காலையில் போடுவது. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கால்வீக்கம் தரும். நீங்களாக ஒன்றையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். "எந்த நேரத்தில் போடலாம்?" என்று கேட்டால் போதும். அம்மாவின் நீர்க் குளிசை ஒன்றை டொக்டர் அந்த இடத்திலேயே பின்னேரத்துக்கு மாற்றி எழுதினார்.

படி 6: இருட்டில் போகும் வழி

எழும்பினால் உடனே நடக்கவேண்டாம். கட்டிலில் ஒரு நிமிடம் இருந்து, பிறகு நின்று, தலை சுற்றவில்லை என்று கண்டபின் நடவுங்கள். ரோச் தலைமாட்டில் இருக்கட்டும். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள். புடையன் பாம்பு திரியும் ஊர் இது, சலரோகக்காரருக்குக் காலில் முள் ஏறினாலும் தெரியாது. போரில் காலை இழந்தவர்கள் இரவில் பொய்க்காலைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பார்கள். அவர்களுக்கும் விழக்கூடிய முதியவர்களுக்கும் கட்டிலடியில் மூடியுள்ள வாளியோ கொமோட் கதிரையோ வையுங்கள். பெற்றோர் வெட்கப்படுவார்கள். மாரி மழையில் வழுக்கி இடுப்பு முறிவதைச் சொல்லிக் கெஞ்சிக் கேளுங்கள்.

வியர்த்து, நடுங்கி, பசியோடு எழும்பினால் சலத்தை விட்டுச் சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். காய்ச்சலோடு நடுக்கம், சலம் முற்றாக அடைத்தல், சலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, மயக்கம், மூச்சுமுட்டல் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே டப்பாவில் மறுபடி அளந்தோம். மொத்தம் 1900, இரவில் 600. கொண்டி இழுபட்டது இரண்டு தரம்.