பயிற்சி நிறுவனத்துக்கு ஹோஸ்டிங் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறு பயிற்சி நிறுவனத்தின் இணையதளம் மற்ற சிறு வணிகங்களின் தளங்களைப் போல இயங்குவதில்லை. கடையின் தளத்துக்கு ஆட்கள் நாள் முழுவதும் சிதறி வருவார்கள். பயிற்சி நிறுவனத்தின் தளமோ வாரத்தின் பெரும்பகுதி ஏறக்குறைய ஆளின்றிக் கிடக்கும். மாலை 6 மணிக்கு மாதிரித் தேர்வு என்று அறிவித்திருந்தால், 5.58 முதல் 6.02 வரையிலான நான்கு நிமிடங்களில் மொத்த மாணவர்களும் ஒன்றாக வந்து நிற்பார்கள். தளத்தை வைத்து இயக்கும் சர்வர் கணினியை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பெரிய தவறு, அந்த நான்கு நிமிடங்களை மறந்துவிட்டு மாத மொத்த வருகையையும் விளம்பர விலையையும் வைத்து முடிவெடுப்பதுதான்.

‘அளவற்ற இடம், அளவற்ற டேட்டா’ என்ற விளம்பரத்தைப் படித்துவிட்டு, எத்தனை மாணவர்கள் வந்தாலும் தளம் தாங்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அளவற்றது என்று எதுவும் இருக்க முடியாது. சேமிப்பிடம் தாராளமாக இருக்கலாம். ஆனால் ஒரு கணக்கு எவ்வளவு சிபியு (கணக்கிடும் திறன்) பயன்படுத்தலாம், எவ்வளவு ரேம் (தற்காலிக நினைவகம்) எடுக்கலாம், எத்தனை கோப்புகளை வைத்திருக்கலாம், பக்கத்தைக் கேட்டு வரும் எத்தனை கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாளலாம் என்ற வரம்புகள் ‘நியாயமான பயன்பாடு’ என்ற தலைப்பில் நிபந்தனைகளுக்குள் ஒளிந்திருக்கும். மண்டபம் எவ்வளவு பெரியது என்று விசாரிப்பவர்கள் வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு திட்டம் ஒரே நேரத்தில் 20 கோரிக்கைகளை மட்டும் கையாள அனுமதிக்கிறது, தேர்வுப் பக்கம் ஒன்றை உருவாக்க சர்வருக்கு 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 10 பக்கங்களுக்கு மேல் அந்தக் கணக்கால் தர இயலாது. 200 மாணவர்கள் 5 நொடிக்குள் ‘தேர்வைத் தொடங்கு’ பொத்தானை அழுத்தினால், நொடிக்கு 40 கோரிக்கைகள் வந்து சேரும். சிலர் காத்திருப்பார்கள், சிலருக்கு, சர்வரால் இப்போது பக்கத்தைத் தர இயலவில்லை என்று சொல்லும் 503 அல்லது 508 என்ற பிழை எண் தோன்றும், பொறுமையிழந்து பக்கத்தை மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்கும் ஒவ்வொருவரும் வரிசையை இன்னும் நீளமாக்குவார்கள். மாதம் முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தளத்தின் பயன்பாடு மிகச் சொற்பம் என்பதுதான் வேடிக்கை.

இதை ஒட்டிய இன்னொரு மயக்கம் கேஷ் பற்றியது. ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்து வருபவருக்கும் அதையே கொடுக்கும் இந்த ஏற்பாட்டால்தான் மலிவான ஹோஸ்டிங்கிலும் சாதாரணத் தளங்கள் வேகமாகத் திறக்கின்றன. ஆனால் மாணவர் உள்நுழைந்துவிட்டால், அவருடைய பெயர், அவருடைய மதிப்பெண், அவர் முடித்த பாடங்கள் என்று பக்கம் அவருக்கென்றே தனியாக உருவாக்கப்பட வேண்டும். பொதுவாகச் சேமித்து வைத்த முழுப் பக்கம் அங்கே உதவாது. மூடுல் போன்ற கற்றல் மென்பொருளிலும், தளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் பாடங்களை நடத்த உதவும் செருகுநிரல்களிலும் இதுவே நிலைமை. ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் காட்டப்படும் வேக அளவீடுகள், உள்நுழைந்த 200 மாணவர்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வாங்குவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘ஒரே நேரத்தில் உள்நுழைந்து தேர்வு எழுதும் இத்தனை பேரை இந்தத் திட்டம் தாங்குமா, வரம்பைத் தாண்டினால் என்ன நடக்கும்?’ இதற்கு எண்ணோடு பதில் தராமல் விளம்பர வாசகத்தையே திருப்பி அனுப்பும் நிறுவனத்தை விட்டு விலகுவது நல்லது.

பயந்துபோய் நேர்எதிராகச் செய்வதும் தவறுதான். வாரத்துக்குச் சிலரைச் சந்திக்கும் தனிப் பயிற்சியாளருக்குத் தன்னைப் பற்றிய சில பக்கங்களும், நேரம் முன்பதிவு செய்யும் வசதியும் இருந்தால் போதும். அவருக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே மிகை என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்டவர் யாரோ சொன்னார்கள் என்று, நிறுவனம் பராமரிக்காத விபிஎஸ் (தனக்கென ஒதுக்கப்பட்ட மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாங்கினால், இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வாலை அமைப்பது, நள்ளிரவில் நின்றுபோன டேட்டாபேஸை எழுப்புவது எல்லாம் அவர் தலையிலேயே விழும். மலிவாகக் கிடைக்கும் விபிஎஸ் பெரும்பாலும் பராமரிப்பு சேராத விபிஎஸ்தான். வகுப்புகளும் தேர்வுகளும் நடத்துபவர்களில்கூட, தேர்வை மட்டும் அதற்கென உள்ள வெளிச் சேவையில் நடத்திவிட்டு, தளத்தை எளிய திட்டத்திலேயே வைத்துக்கொள்ளும் வழி பலருக்குப் பொருந்தும். தொழில்நுட்ப ஆள் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் திணிப்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

வகுப்புப் பதிவுகளை ஹோஸ்டிங்கிலேயே ஏற்றி வைப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, செய்யக் கூடாது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு மணி நேர வீடியோ சுமார் 900 எம்பி இருக்கும். 50 பேர் ஒருமுறை பார்த்தாலே 45 ஜிபி. அதோடு, இணைய வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தரத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் சாதாரண ஹோஸ்டிங்கில் இருக்காது. வீடியோவை விமியோ போன்ற வீடியோ சேவையில் வைத்து, பக்கத்தில் பொதித்துக் காட்டுவதே முறை.

விலைக்கு வருவோம். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மாத விலை, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே செலுத்தினால் மட்டும், அதுவும் முதல் ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் கிடைக்கும் விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காக உயர்வது இந்தத் துறையில் வழக்கமானது. அந்த விலை சிறிய எழுத்தில் கீழே இருக்கும். ஒப்பிடும்போது முதல் ஆண்டு விலையை விட்டுவிட்டு, டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) புதுப்பிப்பு, மின்னஞ்சல், காப்பு நகல் ஆகியவற்றுக்கான கட்டணங்களையும் சேர்த்து ஐந்து ஆண்டு மொத்தச் செலவைப் போட்டுப் பார்த்தால், பட்டியலில் மலிவாகத் தெரிந்தது மலிவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதிமொழியிலும் டொமைன் கட்டணம் பெரும்பாலும் சேராது.

‘99.9 சதவீதம் இயங்கும்’ என்ற உறுதியையும் நிமிடங்களாக மாற்றிப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம், மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் தளம் நின்றாலும் அந்த உறுதி மீறப்படவில்லை. அந்த 43 நிமிடமும் தேர்வு நேரத்தில் வரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்காது. முன்னறிவிப்போடு செய்யப்படும் பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. மீறப்பட்டாலும் கிடைப்பது அந்த மாதக் கட்டணத்தின் ஒரு பகுதிதான், இழந்த சேர்க்கைக்கான ஈடு அன்று. இதனால், பராமரிப்பு வேலைகளை எந்த நேரத்தில் செய்வார்கள், அது யாருடைய நள்ளிரவு, உங்களுடையதா அவர்களுடையதா என்று கேட்டுவிடுவது சதவீதத்தை ஒப்பிடுவதைவிடப் பயனுள்ளது. உதவிக் குழுவையும் இப்படியே சோதிக்கலாம்: வாங்குவதற்கு முன்பே, உங்கள் வகுப்பு நடக்கும் நாளில், அதே நேரத்தில் ஒரு தொழில்நுட்பக் கேள்வியை அனுப்பி, மனிதர் ஒருவர் பொருத்தமான பதில் தர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடிய தவறுகள். டொமைன் பெயர் பிறர் கையில் இருப்பது அப்படியல்ல. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் வாங்கிவிடுவது சிறு நிறுவனங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. நிறுவனத்தின் பெயர் சுவரொட்டியிலும், மாணவர்களின் கைப்பேசியிலும், தேடுபொறியிலும் பரவிய பிறகு அவரோடு மனக்கசப்பு ஏற்பட்டாலோ, அவர் தொழிலையே விட்டுவிட்டாலோ, உரிமையாளர் தன் பெயருக்காகவே கெஞ்ச வேண்டிவரும். பதிவில் உரிமையாளராக நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும்.

இதில் கவனிக்கப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும். கடைசி நேர எச்சரிக்கைகளும் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் யாருக்கும் போய்ச் சேராது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களில், காலாவதிக்குப் பிறகு, டொமைனை விற்கும் பதிவு நிறுவனம் தரும் சலுகைக் காலம் முடிந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் உண்டு. அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம். ஹோஸ்டிங்கோடு ‘இலவச டொமைன்’ தரும் திட்டங்களிலும் இதைப் பார்க்க வேண்டும்: புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை வேறொன்றிலும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

மின்னஞ்சல் இலவசம் என்று ஹோஸ்டிங் திட்டம் சொன்னாலும், கட்டண ரசீதும் வகுப்பு இணைப்பும் அந்த வழியாகப் போனால் மாணவரைச் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை. ஷேர்டு சர்வரில் ஒரே ஐபி முகவரியிலிருந்து பலர் அனுப்புவார்கள்; அவர்களில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாலும் எல்லோருடைய கடிதங்களும் ஸ்பேம் பெட்டிக்குள் விழலாம். மணிக்கு இத்தனை கடிதங்கள்தான் என்ற வரம்பும் இருக்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லோரும் அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் அடையாளம் வைத்திருக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்கள் அவ்விரண்டோடு, அவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. மின்னஞ்சலைத் தனிச் சேவையில் வைப்பதே நல்லது. ஹோஸ்டிங்கை மாற்றினாலும் அஞ்சல் பெட்டி அசையாது.

காப்பு நகல் எடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. எங்கே வைக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், மீட்டுத்தரக் கட்டணம் உண்டா என்பவை அதைவிட முக்கியமான கேள்விகள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுமையாக அழிந்தபோது, தரவும் அதன் காப்பு நகலும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். மாணவர் பட்டியல், கட்டண விவரம், மதிப்பெண் ஆகியவற்றின் வாராந்திர நகல் ஒன்று ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஒருமுறையாவது அதைக் காலியான ஓர் இடத்தில் திறந்து, தளம் எழுந்து நிற்கிறதா என்று சோதித்திருக்கவும் வேண்டும். சோதிக்காத நகலை நகல் என்றே கணக்கில் வைக்கக் கூடாது.

சிறியவை சில. தளத்தின் இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாகவே வழங்கிவருகிறது. வேர்ட்பிரஸ், மூடுல் போன்றவை இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. இன்னமும் அதைவிடப் புதியது தராத நிறுவனம் வேண்டாம். சர்வர் மாணவர்களிடமிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், ஒளி இழையில் போய்வரவே ஏறக்குறைய 100 மில்லிநொடி ஆகும். ஒரு புதிய பாதுகாப்பான இணைப்புக்கு அப்படிச் சில தடவை போய்வர வேண்டும். கட்டணம் வசூலிக்கும்போது அட்டை எண்ணை உங்கள் சர்வரில் தொடவே விடாமல், பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் பக்கத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.

‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல்களை அளவாக நம்ப வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை, இணைப்பைச் சொடுக்கி வாங்குபவருக்கு இவ்வளவு என்று தரகு பெறுபவை. பட்டியலில் போட்டியாளர்களாகத் தெரியும் பெயர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம்: புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தமானவை.

உள்ளே நுழைவதற்கு முன் வெளியேறும் வழியையும் பார்த்துவிட வேண்டும். விக்ஸ் போன்ற தயார்நிலைத் தளங்களில் உருவாக்கியதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் நிறுவ முடியாது. அந்த நிபந்தனை ஏற்புடையதென்றால் வாங்கலாம், தெரியாமல் வாங்குவதுதான் பிழை. மாற வேண்டிய நாள் வந்தால், தேர்வோ சேர்க்கையோ இல்லாத வாரத்தைத் தேர்ந்தெடுத்து, ஓரிரு நாள் முன்பே டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். புதிய இடத்தில் உள்நுழைவு, கட்டணம், மின்னஞ்சல் மூன்றையும் சோதித்த பிறகே டொமைன் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்புங்கள். அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மறந்துவிட்டால் தளம் ஓடும், அஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். எனவே பழைய கணக்கை உடனே மூடாமல், அதில் இன்னும் கடிதம் ஏதாவது வந்து விழுகிறதா என்று இரண்டு வாரமாவது பார்த்த பின்பு மூடலாம்.