இலையுதிர் காலத்தில் பண்ணை வீட்டுக்குப் போவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் பிரைட்டன் வரும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் அப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஊர். அந்தப் பக்கம் என் சிநேகிதி குடும்பத்துக்குச் சின்னப் பண்ணை ஒன்று இருக்கிறது: கொஞ்சம் கோழி, நாலு ஆடு, ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். ஒவ்வொரு ஒக்ரோபரிலும் ஒரு சனி, ஞாயிறு அங்கேதான் நிற்பேன். "நாங்களும் இப்படி ஒருக்கால் போகவேணும், என்ன செய்யவேணும்?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனி கொட்ட முன்னம் முடிக்கவேண்டிய வேலை மலைபோலக் கிடக்கிற மாதம் இது. அதனால் கைகொடுக்கிற ஆளாகப் போங்கள்.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

வடக்கே அல்கொன்குவின் பூங்காப் பக்கம் மேப்பிள் இலைகள் செப்டெம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும். ஏரிக்கரை ஊர்களில் ஒக்ரோபர் நடுப்பகுதிதான் நல்ல நிறம். தாங்ஸ்கிவிங் (நன்றி நவிலல்) விடுமுறை ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வரும். அந்த நீண்ட வார இறுதியில் தெருவும் தோட்டமும் நிரம்பி வழியும். அதற்கு அடுத்த வார இறுதியே எனக்குப் பிடித்தது. சிநேகிதரிடம் "எப்ப வரலாம்?" என்று கேட்கிறபோதே, "அன்றைக்கு என்ன வேலை இருக்கு?" என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 2: சப்பாத்தைக் கழுவுங்கள்

இதைச் சொன்னால் எல்லாரும் வியப்பாய்ப் பார்ப்பார்கள். பறவைக் காய்ச்சல் 2021 கடைசியிலிருந்து கனடாவில் பல பண்ணைகளைத் தாக்கியிருக்கிறது. காட்டு வாத்துகளின் எச்சம் சப்பாத்து அடியில் ஒட்டிக்கொண்டு போனாலே கோழிக்கூட்டுக்குள் நோய் நுழையலாம். ஆகவே வீட்டிலேயே சப்பாத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பண்ணைக்குப் போவதானால் இரண்டு சோடி வேண்டும்.

காலமை 2, 3 பாகை குளிர் இருக்கும், மத்தியானம் வெயில் சுடும். மெல்லிய உடுப்புகளாக ஒன்றின்மேல் ஒன்று போடுங்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், உண்ணிகள் இன்னும் புல்லில் இருக்கும். இரவு படுக்க முன்னம் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதுப் பின்புறத்தையும் பாருங்கள்.

கொண்டுபோக என்ன? ரோல்ஸும் மிதிவெடியும், எங்கட ஊர்ப் பொரித்த சிற்றுண்டிகள். சமைக்க நேரமில்லாத வீட்டுக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை.

படி 3: அப்பிள் பிடுங்கப் பழகுங்கள்

பண்ணை வீட்டுக்குப் போகிற வழியில், காசு கொடுத்து நாமே பிடுங்குகிற தோட்டம் ஒன்றில் இறங்குங்கள். எந்த இனம் பழுத்திருக்கிறது என்று வாசலில் கேளுங்கள். மக்கின்ரொஷ் செப்டெம்பரிலேயே வரும். அந்த இனம் ஒன்ராறியோவிலேயே பிறந்தது: 1811-இல் ஜோன் மக்கின்ரொஷ் என்பவர் டண்டெலாவில் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்ட கன்றுகளில் ஒன்றுதான் அதன் தாய்மரம். இன்றைய மக்கின்ரொஷ் எல்லாம் ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி அதிலிருந்து வந்தவை. நடு ஒக்ரோபரில் நோர்தேர்ன் ஸ்பை கிடைக்கும். புளிப்பும் கடினமும் உள்ளது. அச்சாறு போட அதற்கு நிகர் இல்லை என்பேன்.

பிடுங்குகிற முறை இதுதான். பழத்தை உள்ளங்கையில் ஏந்துங்கள். கீழே இழுக்காமல் மேல்நோக்கித் தூக்கி மெல்லத் திருகுங்கள். பழுத்திருந்தால் காம்போடு கழன்று வரும். மல்லுக்கட்டினால் விட்டுவிடுங்கள், அது இன்னும் முற்றவில்லை. இழுத்துப் பறித்தால் அடுத்த வருசம் பூக்கவேண்டிய மொட்டும் சேர்ந்து ஒடிந்துவிடும். வெயில் படுகிற வெளிக்கொப்புகளில்தான் முதலில் பழுக்கும். பைக்குள் எறியாமல் வையுங்கள், தட்டுப்பட்ட இடம் இரண்டு நாளில் மண்ணிறமாகும். மரத்தில் ஏறவேண்டாம், இப்போதைய குட்டை மரங்களுக்கு வேர் ஆழமில்லை.

படி 4: பண்ணையில் வேலை கேளுங்கள்

படலை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: திறந்திருந்தால் திறந்தபடி, பூட்டியிருந்தால் பூட்டியபடி. கம்பி வேலியைத் தொடமுன்னம் மின்சாரம் ஓடுகிறதா என்று கேளுங்கள். கேட்காமல் ஆட்டுக்கு எதையும் தீத்தாதீர்கள்.

ஒக்ரோபரில் புது ஆளுக்குத் தோதான வேலை உள்ளி நடுவது. பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரியுங்கள், தோலை உரிக்கவேண்டாம். கூர்ப்பக்கம் மேலே பார்க்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்புங்கள். நிலம் உறைய முன்னம் வேர் பிடித்து, குளிர் முழுக்க அது மண்ணுக்குள் கிடக்கும். அந்தக் குளிர் பட்டால்தான் ஒரு பல்லு முழுப் பூண்டாகப் பிரியும். போன வருசம் சிநேகிதியின் மகளோடு மூன்று வரிசை நட்டேன். கை விறைத்துப்போயிற்று. எழும்பி வர மனமே வரவில்லை.

படி 5: வெளிச்சத்தோடு திரும்புங்கள்

நடு ஒக்ரோபரில் பின்னேரம் 6:30 அளவில் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம்தான் மான்கள் தெருவைக் கடக்கும். ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நினைத்து வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடிபட்ட அப்பிள்களைப் பிரித்தெடுத்து அன்றைக்கே சமையுங்கள். மிச்சத்தைக் கழுவாமல் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

பிறகு சிநேகிதருக்கு ஒரு போன் எடுங்கள். நட்ட உள்ளி ஜூலையில் பிடுங்க வரும். அந்த வார இறுதியை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.