வீட்டில் சொல்லப் போகிறீர்களா? பொலிஅமரி உறவில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொலிஅமரி என்பது, சம்பந்தப்பட்ட எல்லோரும் அறிந்து சம்மதித்து, ஒரே காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு காதல் உறவில் இருப்பது. கொழும்பில் இதை வீட்டாருக்குச் சொல்லப் போய் மனம் நொந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, எப்போது, யாரிடம் சொல்வது என்பதில்தான்.

பெரிய தவறு, கல்யாணப் பேச்சுச் சண்டைக்கு நடுவில் சொல்வது. புரோக்கர் கொண்டுவந்த சாதகம் மேசையில் கிடக்கும். "முப்பது வயசாகுது, இன்னும் என்ன யோசிக்கிறாய்?" என்று அம்மா கேட்பா. "எனக்கு ரெண்டு பேர் இருக்கினம்" என்று வாய்தவறி வந்துவிடும். அந்த நேரம் அது அவவுக்கு அடி மாதிரித்தான் விழும். பிறகு எத்தனை தரம் ஆறுதலாக விளக்கினாலும், அவவின் நினைவில் நிற்பது உங்கள் குரல்தான். சாதகத்துக்கு "இப்ப வேண்டாம் அம்மா" என்பதே போதும். காரணத்தை இன்னொரு நாள், சாப்பாடு முடிந்து, வீட்டில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் சொல்லலாம்.

அதையும் ஒரே நாளில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. மனப்பாரம் இறங்கிய உற்சாகத்தில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீண்ட செய்தி போடுகிறவர்கள் உண்டு. வெள்ளவத்தையில் இரவு போட்டது, விடிவதற்குள் லண்டன் சித்தப்பாவையும் டொரொண்டோ மாமியையும் சுற்றி, ஸ்கிரீன்ஷொட்டாக அப்பாவின் கைக்கு வந்துவிடும். முதலில் ஒரேயொருவர். அவர் பெற்றோராக இருக்க வேண்டியதுமில்லை; வாயைக் காக்கத் தெரிந்த ஒரு அக்காவோ மச்சாளோ போதும்.

உங்கள் கதையில் மற்றவர்களின் இரகசியமும் இருக்கிறது. துணைவர்களின் பெயர், வேலை, ஊர், படம் எதையும் அவர்களைக் கேட்காமல் சொல்லாதீர்கள். ஒரே பாலினத் துணை என்றால் இன்னும் கவனம்: தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அத்தகைய உறவைக் குற்றமாகப் பார்ப்பவை.

சட்டத்தைச் சரியாக அறியாமல் பயப்படுவதும் வீண் வேதனை. பலரைக் காதலிப்பது குற்றமல்ல. வாழ்க்கைத்துணை இருக்கும்போது சட்டப்படி செல்லாத இன்னொரு திருமணம் செய்வதுதான் குற்றம். 7 ஆண்டுவரை சிறை. ஆனால், நீங்கள் திருமணமானவர் என்றால், பிறரோடான தொடர்பு விவாகரத்துக்குக் காரணமாகலாம். எனவே எழுத்தில் எதையும் அனுப்ப முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். "நாலு கட்டுறது மாதிரியோ?" என்று உறவினர் கேட்பார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் முஸ்லிம் ஆண்களின் பலதார மணத்துக்கு இடம் கொடுப்பது. உங்கள் விஷயம் வேறு. அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், இன்னொரு சமூகத்தைப் பற்றிய விவாதத்துக்குள் இழுபட வேண்டாம்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முயல்வதும் ஆளைக் களைக்க வைக்கும். "உனக்கு என்ன குறை வச்சம்?" என்பதற்கு விளக்கம் தேவையில்லை, அது அவர்களின் பயம். "ஒரு குறையும் இல்லை, அதுதான் உங்களிட்டச் சொல்லுறன்" என்று முடிக்கலாம். ஒளித்துச் செய்கிறாயா என்ற சந்தேகத்துக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்: "சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தெரியும்." முதல் நாள் கோபத்தை முடிவான பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தீபாவளிக்கே இருவரையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம்.

இன்னும் பெற்றோரின் வீட்டில், அவர்களின் காசில் இருப்பவர் காத்திருப்பதில் கோழைத்தனம் ஏதும் இல்லை. கொழும்பு வாடகையில் ஒரே இரவில் அறை தேடுவது லேசான காரியமா? சொல்ல முன், அன்றிரவு தங்கக்கூடிய ஒரு நண்பர் வீட்டையாவது பேசி வையுங்கள்.

பிறகு வரும் நாட்களில் துணைவர்களின் மேலேயே முழுப் பாரத்தையும் இறக்காதீர்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் இருப்பார்கள். உளவள ஆலோசகரிடம் போனால், உறவை "மாற்ற" முயல்வாரா, உங்கள் மனச்சுமையைக் கேட்பாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். நித்திரை, சாப்பாடு குழம்பினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தாலோ தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஆலோசனைச் சேவை இலக்கமான 1333க்கும் எடுக்கலாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சுமித்ரயோவில் தொண்டர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். எடுத்தவுடனே, தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.