பின் ஆக்சில்ல சத்தமா? ஹவுசிங்கை, அதாவது ஆக்சில் கூட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

லாரி பின்னாடி சத்தம் கேட்டதுமே கிரவுன் பினியன் (ஷாஃப்ட் சுத்துறதை வீல் பக்கம் திருப்புற பெரிய, சின்ன பல்சக்கர ஜோடி, இதுல சின்னதுதான் பினியன்) போச்சுன்னு முடிவு பண்ணி, அது இருக்கிற டிஃபரன்ஷியலைக் கீழ இறக்கிடுறாங்க, பாதி நேரம் பார்த்தா வீல் பேரிங்காவோ டயராவோ இருக்கும். சத்தம் எப்படி இருக்குங்கிறதை விட எப்ப வருது, எப்ப நிக்குதுங்கிறதை முதல்ல கவனிங்க, அதுலயே முக்கால்வாசி தெரிஞ்சிடும்.

தார் ரோட்டுல ஒரு மாதிரி, கான்கிரீட் ரோட்டுல ஒரு மாதிரி கேட்டா டயர்தான். ரோடு எதுவா இருந்தாலும் ஒரே மாதிரி ஊளை விட்டா அடுத்த டெஸ்ட்டுக்குப் போங்க. காலியான சமதள ரோட்டுல ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்க, அப்புறம் காலை எடுத்துட்டு கியர்லயே ஓட விடுங்க, ரெண்டுக்கும் சத்தம் மாறுச்சுன்னா, அதாவது இழுக்கும்போது மட்டும் ஊளை, விட்டதும் அமைதி, இல்ல அப்படியே தலைகீழா இருந்தா, சந்தேகம் கிரவுன் பினியன் மேலயும் பினியன் பேரிங் மேலயும். காலை வச்சாலும் எடுத்தாலும் ஒரே உறுமல், ஸ்பீடு ஏற ஏற அதுவும் கூடுதுன்னா வீல் பேரிங் பக்கம் வாங்க. லேசா இடது பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடுச்சுன்னா வலது ஹப்பை (வீலோட நடுப்பகுதி, பேரிங் இருக்கிற இடம்) பாருங்க, ஏன்னா அப்போ வெயிட்டு வலது பக்கம்தான் சாயும்.

இன்னொரு அடையாளமும் இருக்கு. ஆக்சில் ரேஷியோ 4ன்னா வீல் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பினியன் நாலு சுத்து சுத்திடும், அதனால பினியன் பேரிங் சத்தம் மெல்லிசா கீச்சுன்னு இருக்கும், வீல் பேரிங் சத்தம் கனமா இருக்கும்.

நேரா போறப்ப ஒண்ணுமில்ல, திரும்புறப்ப மட்டும் கடகடன்னா ஸ்டார் பினியன், அதாவது டிஃபரன்ஷியலுக்கு உள்ள இருக்கிற சின்ன பல்சக்கரங்கள். நேரா ஓடும்போது அதுக்குப் பெருசா வேலையே கிடையாது, வளைவுலதான் சுத்தும். கிளட்சை விட்டதும் 'டங்'னு ஒரு அடி விழுந்தா முதல்ல யூ ஜாயிண்ட் கிராஸை (கியர்பாக்ஸ்ல இருந்து ஆக்சிலுக்கு வர்ற ஷாஃப்டோட மூட்டுல இருக்கிற கூட்டல் குறி மாதிரியான துண்டு) பாருங்க. சமதளத்துல நிறுத்தி, வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல் போட்டுட்டு, ஷாஃப்டைக் கையால ஆட்டுங்க, கிராஸ்லயே ஆட்டம் தெரிஞ்சா ஆக்சிலைத் தொடவே வேண்டாம். ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோட பிடிச்சிருக்கிற யூ போல்ட் லூஸ் ஆனாலும் இதே மாதிரி அடிக்கும், அதையும் ஒரு கை பார்த்துடுங்க.

ஆயில்தான் ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. வண்டி சமமா நிக்கும்போது ஃபில்லர் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் இருக்கணும். குறைஞ்சிருந்தா பினியன் சீல் ஒழுகுதான்னு பாருங்க, பிரீதர் (உள்ள இருக்கிற காத்து வெளிய போற சின்ன வழி) அடைச்சிருந்தாலும் உள்ள பிரஷர் ஏறி சீல் வழியா ஆயில் வெளிய வரும், அதனால புது சீல் போடுறதுக்கு முன்னாடி பிரீதரைச் சுத்தம் பண்ணுங்க. ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்கோட காந்தத்துல மை மாதிரி நைசா ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம். துண்டு துண்டா இரும்பு வந்தா வண்டியை எடுக்காதீங்க, பிரிச்சே ஆகணும்.

ஓடி வந்து நிறுத்தினதும் ஒவ்வொரு ஹப் கிட்டயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க, தொடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா பேரிங்கோ பிரேக் பிடிச்சிருக்கிறதோதான், லோடோட அதை அப்படியே ஓட்டினா வீலே கழண்டு போகலாம்.